அரைக் குதிரை

ஸ்போர்ட்ஸ் பைக் என்பது காற்றை நம்பிச் செய்த வண்டி. ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, கால் வைக்கிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுகிற ஆளை டேங்க் மேல் கவிழ்த்து வைத்திருப்பது வெறும் அழகுக்காக இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டில் பாரமே தெரியாது. காலை 9 மணிக்குக் கத்திப்பாராவிலிருந்து சைதாப்பேட்டை வரை அந்தக் காற்று வேலைக்கு வருவதில்லை. 15 கிலோமீட்டர் வேகத்தில் மேலுடம்பின் மொத்த எடையும் இரண்டு உள்ளங்கையில் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் போட்டுக்கொண்டு தண்டால் எடுக்கும் கூட்டம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

வண்டி நான் வாங்கியதல்ல. அக்கா மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும்போது விற்க மனசு வராமல் என்னிடம் விட்டுப்போனது. 155 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின், ஏறத்தாழ 18 குதிரைத்திறன். சாவியைக் கொடுத்தவன் கூடவே வாட்ஸாப்பில் ஒரு பட்டியலும் அனுப்பினான்: சைலன்சர், ஏர் ஃபில்டர், ஈசியூ, ஸ்பிராக்கெட். அவன் ஆசைப்பட்டு, காசில்லாமல் விட்டவை. சம்பாதிக்கிற மாமா மாட்டி வைத்தால் திரும்பி வரும்போது வசதியாக இருக்கும் என்பது உள்ளர்த்தம். என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது: மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு, முட்டி.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும், கம்பெனிக்காரர்கள் வண்டியில் வைக்க மறந்ததாகக் கருதப்படும் அத்தனையும் கடை வாசல்களில் தொங்கும். கடைப் பையன் வண்டியைப் பார்த்து "வாங்க ப்ரோ" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "உக்காருங்க சார்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

முதலில் மருமகன் பட்டியல். "ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாத்திட்டா அரை ஹார்ஸ்பவர் ஏறும் சார்."

முன்பாதியா பின்பாதியா என்று கேட்டேன். பையன் சிரிக்கவில்லை. தொழிலை மதிக்கிறவன்.

அந்த அரைக் குதிரையும் தானாக வராது. இன்றைய எஞ்சினில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போடுவது ஈசியூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். காற்றை மட்டும் தாராளமாக்கிவிட்டு அதன் கணக்கைத் திருத்தாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது, சத்தம் மட்டும் கூடும். கணக்கைத் திருத்த இன்னொரு பெட்டி வேண்டும். அதன் விலையைக் கேட்டபோது ஸ்டூல் எதற்கு என்று புரிந்தது. அப்படியே மாட்டினாலும், கூடுகிற பலமெல்லாம் 10,000 ஆர்பிஎம் பக்கத்தில்தான் தலைகாட்டும். என் வாழ்க்கை 4,000-த்தில் நடக்கிறது.

இதற்கெல்லாம் அர்த்தமுள்ள இடம் ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-ல் ரேஸ் டிராக் வந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ்காரர்கள் ரேஸ் பார்த்தார்கள். டிராக்கில் ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சம் பிடிப்பவன் ராஜா. அதே அரை நொடியை நான் மிச்சம் பிடித்தால், கிண்டி சிக்னலில் அரை நொடி கூடுதலாக நிற்பேன்.

சைலன்சரில் சட்டமும் இருக்கிறது. 80-லிருந்து 175 சிசி வரையிலான பைக்குக்கு, தயாரிக்கும்போது வைத்திருக்கிற சத்த வரம்பு 77 டெசிபல். டெசிபலைக் கத்தரிக்காய் விலைபோலக் கூட்டிப் பார்க்கக் கூடாது, 10 ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. "அதுக்குத்தான் சார் டிபி கில்லர்" என்று பையன் ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினான். வாய்க்குள் செருகினால் சைலன்சர் அடங்கும். ஆலன் கீ வைத்து ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். போலீஸ் நிற்கிற ஏரியாவில் உள்ளே, மற்ற ஏரியாவில் வெளியே. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்றேன். "யாரு சார் புடிக்கறாங்க?" என்றான். பல ஊர்களில் போலீஸ்காரர்கள் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிற படங்கள் இவன் கண்ணில் படவில்லை போலும்.

ஸ்பிராக்கெட் என்கிற செயின் பல்சக்கரம் மலிவு, அதனால் கொஞ்சம் சபலம் தட்டியது. முன்னால் ஒரு பல் குறைத்தால் பிக்கப் கூடும், டாப் ஸ்பீடு குறையும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். எனக்குக் கத்துகிற துணை வேண்டாம். பின் டயரை அகலமாக்கச் சொன்னான். அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் வட்டம் பிதுங்கி, வளைவில் சாயவே யோசிக்கும். அதையும் விட்டேன்.

இனி என் பட்டியல். இங்கேதான் உண்மையான மாயவலை.

கை வலிக்கிறதா, ஹேண்டில்பாரை உயர்த்து. ரைசர் வைத்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கினால் போதும். தூக்கினால் பிரேக் ஹோஸ் இழுத்துப் பிடிக்கும், நீளமானது வாங்கு. முழுக்கத் திருப்பினால் ஹேண்டில், முன்புற உறையான ஃபேரிங்கில் இடிக்கும், அதற்கு ஒரு ஸ்டாப்பர். கை உயர்ந்தால் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்தால் முன் கண்ணாடியைத் தாண்டி வருகிற காற்று நேராக ஹெல்மெட்டில் அடிக்கும், உயரமான கண்ணாடி மாட்டு. உயரமான கண்ணாடியின் விளிம்பில் காற்று சுழன்று தலையை ஆட்டும், கண்ணாடி நுனியில் இன்னொரு துண்டுக் கண்ணாடி ஒட்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் இதுவரை கை சுமந்த பாரமெல்லாம் பின்புறத்துக்கு மாறும், ஜெல் சீட் போடு. ஜெல் சீட் போட்டால் உயரம் ஏறி சிக்னலில் கால் எட்டாது. "ஃபோமைச் செதுக்கிடலாம் சார்." செதுக்கினால் பலகையில் உட்கார வேண்டும்.

பில் போடுகிற பேப்பரில் பையன் எல்லாவற்றையும் கூட்டினான். கூட்டி முடித்ததும் அந்த வண்டியை மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்தேன். உயர்ந்த ஹேண்டில்பார், நிமிர்ந்த ஆள், மெத்தென்ற சீட். இதே எஞ்சினில் இதே கம்பெனி, பல ஆயிரம் குறைந்த விலையில், ஃபேரிங் இல்லாமல் ஒரு பைக் விற்கிறது. ஷோரூமில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். "சப்பையா இருக்கு மாமா" என்று மருமகன் ஒதுக்கிய பைக் அது.

எதுவும் வாங்காமல் புதுப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். வண்டியில் என்னை உட்காரவைத்துச் சுற்றி வந்தார். ஸ்பேனர் எடுத்து, பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேர்கோட்டுக்கு வந்தது. செயினைத் தளர்த்தினார், டயர் காற்றைப் பார்த்தார், காசு வாங்கவில்லை. "கையில வெயிட்டப் போடாதீங்க சார். தொடையால டேங்கைக் கவ்விப் புடிங்க. வயித்துல பலம் இருந்தா கை வலிக்காது." கை பாதி தேறிவிட்டது. வயிற்றுப் பலம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் வாங்க வேண்டிய பொருள் ஒன்று பாக்கி இருந்தது. வண்டி வந்த அன்றே மருமகன் கழற்றி எறிந்தது: சாரி கார்டு. ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குகிற பையன்கள் பூஜை போடும் முன் செய்கிற முதல் மாடிஃபிகேஷன் அதுதான். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 123-ம் விதியே சொல்கிறது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் மனைவி சேலைதான் கட்டுவாள். பழைய கடைக்கே திரும்பப் போனேன்.

"சாரி கார்டா?" என்று பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். அவரும் வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "கழட்டித் தரச் சொல்லித்தான் சார் வருவாங்க. மாட்டச் சொல்லி இப்பத்தான் பாக்கறேன்." குடோனில் தேடி, தூசி தட்டி, மாட்டியே கொடுத்துவிட்டார்.

மருமகனுக்குப் போட்டோ அனுப்பினேன். "மாமா, ப்ளீஸ்" என்று மட்டும் பதில் வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி ஏறினாள். பின்சீட் எனக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் இருந்தது. சேலை பத்திரமாக இருந்தது. தெருமுனை ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, இதுல எதைப் பிடிச்சுக்கறது?"

"என்னைத்தான்."

"நடுரோட்டுலயா?" என்றாள். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அப்புறம், "பின்னால பிடிச்சுக்கற கம்பி அந்தக் கடையில இருக்கான்னு கேளுங்க."

கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் அதை மாட்ட வேண்டுமென்றால் பின்சீட்டை வேறு மாற்ற வேண்டுமாம்.