எம்.எச். 12 மாமா

புணேயில் காலம் தள்ளிய தமிழர்களில் ஒரு ரகம் உண்டு. வாலிபத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு ரயிலேறி, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ராஸ்தா பேட்டையில் ஒண்டுக்குடித்தனம் இருந்து, கோத்ரூடில் ஃபிளாட் வாங்கி, ரிட்டயரும் ஆனவர். பென்ஷன் தேதி தவறாமல் வருகிறது. பிள்ளை அமெரிக்காவில். சர்க்கரை கட்டுக்குள். இப்படி எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்ட மனிதர் பொழுதுக்கு என்ன செய்வார்? நம் மாமா எழுத்துப் பொறுக்குகிறார்.

பேப்பரில் வரும் எழுத்துப் புதிர் முதல் காபிக்குத் தாங்காது. செல்போனில் வரும் ஏழெழுத்து விளையாட்டு இரண்டாம் காபியோடு சரி. அதற்கு மேல் தெருதான். நல்லவேளையாக புணே ஸ்கூட்டர்களின் ஊர். ஒவ்வொன்றின் முதுகிலும் நாலு எழுத்து எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். முதல் இரண்டு, எம்.எச்., மகாராஷ்டிரத்துக்கு. பின்னால் வரும் இரண்டு வண்டிக்கு வண்டி மாறும். நாலும் இடம்பெறும் ஓர் ஆங்கிலச் சொல்லை சிக்னல் பச்சையாவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் இருக்கும் 12, கடைசியில் வரும் நாலு இலக்கம், இதையெல்லாம் மாமா ஏறிட்டும் பார்ப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எண்களைப் பார்த்தாயிற்று. அதற்குத்தான் பென்ஷன் கொடுக்கிறார்களாம்.

கர்வே ரோட்டு நள் ஸ்டாப்பில் அவரோடு நிற்பது ஓர் அனுபவம். ஏ.எஸ். என்று ஒரு வண்டி வந்தால், "மேஷ், ஷாம், ஹாம்ஸ்" என்று ஒரே மூச்சில் மூன்று. நாலு எழுத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்றாவதை மட்டும் மாமி காதில் விழாமல் சொல்வார், ஆசாரமான குடும்பம். க்யூ.எஃப். வந்தால் நீங்களும் நானும் கைவிட்டுவிடுவோம். எம், எச், க்யூ, எஃப் நாலையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? மாமா கண்ணை மூடித் திறந்து, "மஸ்கிட்டோஃபிஷ்!" என்பார். கொசுப்புழு தின்னட்டும் என்று குளத்தில் விடுகிறார்களே, அந்தச் சின்ன மீன். அது மாமாவுக்குத் தெரியாது. சொன்னாலும் "அப்படியா?" என்பதோடு சரி.

போக்குவரத்து அலுவலகத்தோடு அவருக்குத் தீராத பகை. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்று ஐ, ஓ இரண்டையும் நம்பர் பிளேட் வரிசையில் சேர்ப்பதில்லை. இருப்பதே ஐந்து உயிரெழுத்து. அதில் இரண்டைச் சர்க்கார் விழுங்கினால் குடிமகன் எதை வைத்துப் பிழைப்பது என்று கேட்கிறார். சென்னைக்குப் போனால் அங்கே வேறு குறை. டி.என். ரொம்பச் சுலபமாம், மூளை துருப்பிடிக்கிறதாம். மூன்றாம் நாளே மாமி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிர்க்கியில் இவருக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். தினமும் இருட்டியதும் போன்.

"ஓய், ஒரு பி, ஒரு எச், ஒரு எம்…"

"எந்த பி? பாம்பே பி-யா, பூனா பி-யா?"

பூனா 1978-இல் புணே ஆனபோது மாமா கவலைப்படவில்லை, எழுத்து அப்படியே இருந்தது. 1995-இல் பம்பாய் மும்பையானபோதுதான் ஆடிப்போனார். அரசியல் எல்லாம் இல்லை. அடையாளம் சொல்ல வைத்திருந்த ஒரே பி போயிற்றே!

சொல்லின் அர்த்தம் கேட்பவர்களை மாமா கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார். அவருடைய குலதெய்வம் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். அந்த மனிதருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. ஆனாலும் ஒன்பது வாரம் சொற்பட்டியலை நெட்டுருப் போட்டு, 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். 2024-இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதே கதை. "அர்த்தம் தெரிஞ்சிருந்தா ஜெயிச்சிருக்கவே மாட்டான். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்னு ரசிச்சிண்டிருப்பான்" என்பது மாமாவின் விளக்கம். எனக்கென்னவோ இதில் ஏதோ நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. வெட்டிவேலை என்று யாராவது முணுமுணுத்தால் மோகன் வர்கீஸ் சுங்கத்தை இழுப்பார். 2014-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர், உலக ஸ்க்ராபிள் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். "கோட்டையையே பார்த்துண்டவர் ஆடலாம், பென்ஷன்காரன் ஆடப்படாதா?"

"அவர் ஆத்துக்குக் கொத்தமல்லி வாங்கிண்டு வந்திருப்பார்" என்பாள் மாமி உள்ளேயிருந்து. கறிகாய் வாங்க மண்டை மார்க்கெட்டுக்கு அனுப்பினால் மாமா பை நிறைய வார்த்தையும் அடியில் இரண்டு வெங்காயமும் கொண்டுவருகிறவர்.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் கேட்டை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கேமரா வழக்கம்போல் பழுது. பார்த்தவர் ஒரே ஒருவர்தான். கட்டை விரலிலிருந்து உச்சந்தலை வரை நம்பர் பிளேட்டே நினைப்பாக இருக்கும் சாட்சி! செக்ரட்டரி தேஷ்பாண்டேக்குத் தலைகால் புரியவில்லை. ஏட்டு நோட்டைத் திறந்து, "காகா, வண்டி நம்பர் சொல்லுங்க" என்றார் மராத்தியில்.

மாமா நெற்றியைத் தேய்த்தார். "எம், எச்… அப்புறம் ஆர், ஒய்."

"நம்பர், காகா. நம்பர்."

"அது பார்க்கலே. ஆனா அன்னிக்கு அதுலேர்ந்து பிரமாதமா ஒண்ணு கிடைச்சுது. ஆறெழுத்து, ஒரு உயிரெழுத்துகூட கிடையாது" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் மாமா. "ரிதம்!"

ஏட்டு அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

"சரி, குடும்பப் பெயர்?"