வேம்புக்கு வரம்பு ஐம்பது

குமாரபாளையத்தில் வேப்பமரமாகப் பிறக்க முன்வினைப் பாவம் வேண்டும். இந்தப் பக்கம் சாயப்பட்டறைக் கொதிகலனின் விறகுப் புகை. அந்தப் பக்கம் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதியும் டீசல் கரியும். காவிரியைத் தாண்டி பவானிக்கு ஓடிவிடலாம் என்றால் கால் இல்லை.

இலைமேல் கரியும் தூசியும் அப்பினால் வெயில் உள்ளே இறங்காது, சமையல் நின்றுவிடும். இலைத்துளை அடைபட்டால் மூச்சும் முட்டும், சூடும் தணியாது. கந்தகம் கலந்த புகை அந்தத் துளை வழியே நுழைந்து, உள்ளிருக்கும் ஈரத்தில் அமிலமாகி இலையை வெளுக்க வைக்கும். சத்துக் கெட்ட மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் மோப்பம் பிடித்து வரும். ஒருநாள் கிளை முறிந்து விழும். உடனே "ஆபத்தான மரம்" என்று கோப்பு ஓடும், ரம்பம் வரும். நஞ்சு வைத்தவன் பெயர் மட்டும் கோப்பில் இராது. வெட்டிய கட்டை அதே கொதிகலனுக்கே விறகாய்ப் போனாலும் வியப்பதற்கில்லை. பிணத்தையும் வீணாக்காத ஊருங்க இது!

சட்டம் சும்மா இல்லை. மத்திய அரசு 2009-ல் வெளியிட்ட காற்றுத் தர வரம்பில், கந்தக டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி சூழல் முக்கியத்துவம் கொண்ட பகுதிகளில் ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம். ஆலையும் வீடும் இருக்கிற இடத்தில் 50. காட்டு மரம் செல்லப்பிள்ளை. தெருவோர வேம்பு இரண்டரை மடங்கு வாங்கிக்கொள்ளப் பிறந்த கூலி. இலை ஒன்று, துளை ஒன்று, ஆனால் சாதி வேறு. நுண்தூசி பிஎம் 10-க்கு மட்டும் இருவருக்கும் 60. அடடா, என்ன சமத்துவம்!

இதற்கு மேல் இன்னொரு கூத்து. ஆலைக்கு அனுமதி தரும்போது, "சுற்றிலும் மரம் நடு" என்று நிபந்தனை போடுவார்கள். எந்த மரம் எவ்வளவு புகை தாங்கும் என்று மதிப்பிட சிங், ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-ல் ஒரு சூத்திரமே தந்தார்கள். நல்ல ஆய்வுதான். நம்மவர்கள் அதிலிருந்து கற்ற பாடம்: தாங்குகிறவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்று. புகைபோக்கிக்கு வடிகட்டி வைத்தால் செலவு. மரத்துக்குச் சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை.

லண்டன் புகையில் அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்து ஊசியிலை மரங்கள் நசிந்தபோது, 1920-களில் கென்ட் பகுதியின் பெட்ஜ்பரியில் அவற்றுக்கென்று தனித் தோட்டம் அமைத்தார்கள். மரத்துக்கு மாற்று இடம் பார்த்தார்களே ஒழிய, மரம் சொன்ன சேதியைக் கேட்கவில்லை. அதே லண்டனில் 1952 புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1956-ல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

நாம் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு 33 சதவீதப் பசுமைப் பரப்பு. அந்தக் கணக்கில் சீக்காளி மரமும் ஒரு மரம்தான். நடும்போது படம் எடுக்க ஆள் உண்டு, நாடி பிடிக்க யார் இருக்கிறார்?

அந்த வேம்படியில் டீ உறிஞ்சுகிற விசைத்தறிக்காரருக்கும் இதே காற்றுதான். அவருக்கும் வரம்பு 50.