தோற்பதற்கு ஒரு சந்தா

டோர்ட்மண்ட்,
ஜெர்மனி.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும். போன கடிதத்தில் அதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். மீதியெல்லாம் என் மேல் குற்றப்பத்திரிகை. சம்பாதிக்கப் போன ஊரில் ஒரு பந்தாட்டக் குழுவுக்குச் சந்தா கட்டி, அது ஐரோப்பா முழுக்கச் சுற்றித் தோற்றுவிட்டு வருவதைச் செவ்வாயும் புதனும் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து பார்க்கிறவனுக்குக் குளிரில் மூளை விறைத்துப்போயிருக்க வேண்டும் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். ஆனால் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த மனிதர், எதிர்மனுவைப் படிக்காமல் கோப்பை மூட மாட்டார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஐரோப்பியப் போட்டி என்ன சங்கதி என்று சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் ஓடுவது நாடு. உலகக் கோப்பையில் ஆடுவது நாடு. ஐ.நா. சபையில் உட்கார்ந்து தூங்குவதும் நாடுதான். ஊருக்கென்று நாற்காலி போட்டு உட்காரவைக்கிற சர்வதேச சபை எனக்குத் தெரிந்து ஐரோப்பிய கிளப் கால்பந்து ஒன்றுதான். 2021 செப்டம்பரில் ஷெரிஃப் டிராஸ்போல் என்ற அணி ரியல் மாட்ரிட்டை மாட்ரிட்டிலேயே 2-1 என்று கவிழ்த்தது. டிராஸ்போல் இருப்பது டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில். மால்டோவாவிலிருந்து பிய்த்துக்கொண்டு நிற்கும் அந்தத் துண்டு நிலத்தை ஐ.நா. உறுப்பு நாடு எதுவுமே நாடாக ஏற்கவில்லை. ஆனால் அன்றிரவு, ஐரோப்பாவின் முதன்மையான கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் புள்ளிப் பட்டியலில் அது மாட்ரிட்டுக்கு மேலே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. (அந்த அணிக்குப் பின்னால் இருப்பது அங்கே பெட்ரோல் பங்க் முதல் சூப்பர் மார்க்கெட் வரை நடத்துகிற கம்பெனி என்பதை நீங்கள் தோண்டி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) அடுத்த மாதமே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் போடோ என்ற நார்வே ஊரின் அணி, மொரின்ஹோ பயிற்சியாளராக இருந்த ரோமா அணியை 6-1 என்று வெளுத்தது. சீசர்கள் ஆண்ட ரோமாபுரியை வேறு எந்த வழியில் அந்த ஊர் இப்படி நடத்தியிருக்க முடியும்? என் கட்சி இதுதான், பெரியப்பா. ரசிகன் சந்தா கட்டுவது கோப்பையை எதிர்பார்த்து அல்ல. தன் ஊரின் பெயரை வெளியூர்க்காரன் மரியாதையோடு உச்சரிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுகிறான். அந்தக் கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவான சரக்கு சந்தையில் கிடையாது.

டோர்ட்மண்ட் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு லட்சம் ஜனம். ஒரு காலத்தில் நிலக்கரி, எஃகு, பீர் மூன்றும் இங்கே பெருக்கெடுத்து ஓடின. கடைசி நிலக்கரிச் சுரங்கமான மினிஸ்டர் ஸ்டைன் 1987-ல் மூடப்பட்டது. ஹோர்டே பகுதியில் இருந்த பீனிக்ஸ் எஃகு ஆலை 2001-ல் அணைந்தது. அணைந்ததோடு விட்டார்களா? சீனாக் கம்பெனி ஒன்று அதை விலைக்கு வாங்கி, சொந்த நாட்டிலிருந்து தொழிலாளர்களைக் கூட்டிவந்து, ஆலையை ஆணி ஆணியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. ஆலை நின்ற பள்ளத்தில் இப்போது தண்ணீர் விட்டு ஏரியாக்கி, கரையில் வசதியானவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பீர் ஆலைகளோ ஒன்றை ஒன்று விழுங்கிச் சுருங்கிவிட்டன. கழற்றிக் கப்பலில் ஏற்ற முடியாதது என்று ஊரில் மிஞ்சியது போருசியா என்கிற இந்தப் பந்தாட்டக் குழு மட்டும்தான். அதன் பெயரே பக்கத்து பீர் ஆலையிடமிருந்து வந்தது என்பார்கள். 1909 டிசம்பரில், கால்பந்து ஆடக்கூடாது என்று சொன்ன பாதிரியாரிடம் கோபித்துக்கொண்டு, தேவாலய இளைஞர் சங்கத்துப் பையன்கள் ஒரு சாராயக்கடை மாடியில் கூடி ஆரம்பித்த சங்கம் இது. இன்று அதன் ஸ்டேடியத்தில் 81,365 பேர் கொள்ளும், ஜெர்மனியிலேயே பெரியது. உள்ளூர் லீக் ஆட்டங்களில் அந்த ஸ்டேடியத்துக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர். ஐரோப்பிய ஆட்டம் என்றால் அந்தப் பெயருக்கு அனுமதி கிடையாது, வெறும் டோர்ட்மண்ட் ஸ்டேடியம்தான். ஐரோப்பியப் போட்டிகளை நடத்தும் யூஃபாவுக்குத் தன் சொந்த விளம்பரதாரர்கள் மேல் உள்ள பாசம்தான் காரணம் என்றாலும், ஊருக்குப் பெயர் திரும்பக் கிடைக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

இந்த ஊர் தன் பெயரை எழுதிவைத்த இரண்டு இரவுகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதலாவது 1966 மே 5, கிளாஸ்கோ, கப் வின்னர்ஸ் கோப்பை இறுதி. எதிரே லிவர்பூல். ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. லிவர்பூல் கோல் கீப்பர் முன்னால் ஓடிவந்து பந்தைத் தடுக்க, அது தெறித்து லிபுடா என்ற ஆட்டக்காரரிடம் வருகிறது. கோல் ரொம்ப தூரத்தில் இருக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறது. லிபுடா பந்தைக் குடைபோல் தூக்கிவிடுகிறார். அது கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது. தடுக்கப் பின்னால் ஓடிய லிவர்பூல் கேப்டன் ரான் யேட்ஸ் மேல் விழுந்து, அவரோடு சேர்ந்தே வலைக்குள் போகிறது. ஜெர்மானிய கிளப் ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை அது. பேயர்ன் மியூனிக் அல்ல என்பதை இங்கே சின்னப் பிள்ளைகூட அழுத்திச் சொல்லும். இரண்டாவது 1997 மே 28, சாம்பியன்ஸ் லீக் இறுதி. நடந்ததோ மியூனிக்கில். நடப்புச் சாம்பியன் யுவென்டஸ், அந்த அணியில் ஜிடான். 2-1 என்று டோர்ட்மண்ட் முன்னிலை, ஆனால் மூச்சுத் திணறல். இருபது வயது லார்ஸ் ரிக்கன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வருகிறார். டோர்ட்மண்டிலேயே பிறந்த பையன். வந்து சில விநாடிதான், பந்து அவர் காலில் முதல் தடவை படுகிறது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தூரத்திலிருந்தே கீப்பர் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறார். 3-1. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊர் அன்று ஐரோப்பாவின் தலைநகரம்.

‘அதெல்லாம் பழங்கதை, இப்போது பணக்காரன்தானே ஜெயிக்கிறான்’ என்பீர்கள். மறுக்கவில்லை. 2004-ல் போர்ச்சுகலின் போர்ட்டோ வென்றதற்குப் பிறகு இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் இந்த ஐந்து நாடுகளுக்கு வெளியே எந்த கிளப்பும் சாம்பியன்ஸ் லீக்கைத் தொட்டதில்லை. ரியல் மாட்ரிட் மட்டும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் 15 தடவை வென்றிருக்கிறது. அந்தப் பதினைந்தாவதே 2024-ல் வெம்பிளியில் எங்களை 2-0 என்று தோற்கடித்து வாங்கியதுதான். 2013-ல் அதே வெம்பிளியில் 89-வது நிமிஷத்தில் பேயர்ன் மியூனிக்கிடம் தோற்றோம். பதினோரு வருஷ இடைவெளியில் ஒரே மைதானத்தில் இரண்டு இறுதி ஆட்டம் தோற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும், பெரியப்பா. முப்பத்தாறு அணி ஆடும் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் முப்பத்தைந்து தோற்றே தீர வேண்டும். ஜெயிப்பதற்காக மட்டும் பார்க்கிறவன் லாட்டரிச் சீட்டு வாங்கலாம், நேரமாவது மிச்சமாகும். தோல்வி என்பது இந்தச் சந்தாவில் அச்சடித்தே வருகிற நிபந்தனை. ஏமாற்றப்பட்டேன் என்று எந்த ரசிகனும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனதில்லை.

அடுத்த கேள்வி, ஊர் ஊர் என்கிறாயே, ஆடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள் என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கிறவர் யார் என்று பாருங்கள். ராஞ்சியில் பிறந்தவரைத் ‘தல’ என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டவர் நீங்கள். சூப்பர் கிங்ஸ் என்பது 2008-ல் ஏலம் எடுத்து உண்டாக்கிய அணி, அதில் சென்னைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருஷத் தடை முடிந்து 2018-ல் திரும்பி வந்தபோது, காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேவுக்குப் போயின. சென்னையிலிருந்து ரசிகர்கள் தனி ரயிலில் விசிலடித்துக்கொண்டே அங்கே போனார்கள். ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று நீங்கள்தான் பெருமையாகப் படம் அனுப்பினீர்கள். அந்த ரயிலில் போனது யார்? தோனியா? ஊர்தான் போனது. அணியில் ஆள் மாறிக்கொண்டே இருப்பான், மேடையில் ஏறி நிற்கிறவன் யாராக இருந்தாலும் கீழே நின்று கத்துகிற கூட்டம் மாறுவதில்லை.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம்தான் என்னைக் கொஞ்சம் நெளியவைக்கிறது. போருசியா 2000-ல் பங்குச் சந்தையில் இறங்கியது. வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக் காசு வரும் என்று சம்பளத்தை அள்ளிவிட்டது. 2003-ல் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹ்விடம் பெனால்டியில் தோற்றதும் கணக்கு கிழிந்தது. அதற்குள் ஸ்டேடியத்தையே விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் நிலை. 2005 மார்ச்சில் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் முதலீட்டாளர்கள் கூடி, போனால் போகிறது என்று அவகாசம் கொடுத்ததால் பிழைத்தது. ஐரோப்பியக் கோப்பை ஆசை ஊரின் ஒரே சொத்தையும் அடகில் வைத்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. போட்டி நடத்துகிறவர்களும் சும்மா இல்லை. பழைய முறையில் 125 ஆட்டமாக இருந்த சாம்பியன்ஸ் லீக் 2024 முதல் 189 ஆட்டமாக வீங்கிவிட்டது. 2025 கோடையில் ஃபிஃபா தன் பங்குக்கு 32 அணி வைத்து அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை நடத்தியது. சின்சினாட்டியில் நட்டநடு மத்தியானத்தில் ஆட்டம். வெயில் தாங்காமல் எங்கள் மாற்று ஆட்டக்காரர்கள் முதல் பாதியை உடைமாற்றும் அறையில் டிவியில் பார்த்தார்கள். மைதானம் வரை போய் டிவியில் பார்ப்பதென்றால், நான் வீட்டிலிருந்தே பார்ப்பதில் என்ன குறை?

ஆனால் ரசிகன் இதற்கெல்லாம் தலையாட்டிப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 நவம்பரில் நியூகாசிலுடன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, டோர்ட்மண்ட் ரசிகர்கள் போலி நோட்டுகளையும் போலித் தங்கக் கட்டிகளையும் மைதானத்தில் வீசி, இந்த வீக்கத்தை எதிர்த்தார்கள். (வீக்கம் வந்தே தீர்ந்தது. வீசினவர்கள் அடுத்த வருஷம் கூடுதல் ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்கினார்கள். மனித இயல்பு, விடுங்கள்.) 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனிக்குடித்தனம் போகப் பார்த்தபோது, இந்த கிளப் போகவில்லை. ஜெர்மனியில் கிளப்பின் கடிவாளம் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பங்கை யார் வாங்கினாலும் ஓட்டு சந்தா கட்டுகிறவனிடம். இங்கிலாந்து ரசிகன் தெருவில் இறங்கித்தான், அந்தக் கூட்டத்தில் சேர்ந்த தன் கிளப்பைத் திரும்ப இழுத்து வந்தான். பங்குக்காரன், சந்தாக்காரன் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் 2017 ஏப்ரல் 11-ஐப் பாருங்கள். மொனாக்கோவுடன் காலிறுதி. அணியின் பஸ் ஹோட்டலிலிருந்து கிளம்பியதும் வெடிகுண்டு. பார்த்ரா என்ற ஆட்டக்காரருக்குக் கையில் காயம். பயங்கரவாதம் என்று உலகமே பேசியது. பிடித்துப் பார்த்தால், போருசியா பங்கு விலை விழும் என்று சந்தையில் பந்தயம் கட்டிவிட்டு, விழவைப்பதற்காகக் குண்டு வைத்த ஆசாமி. கோர்ட் 14 வருஷம் கொடுத்தது. ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனதால் மொனாக்கோவிலிருந்து வந்த ரசிகர்கள் படுக்க இடமில்லாமல் நின்றார்கள். டோர்ட்மண்ட் ஜனங்கள் முன்பின் தெரியாத எதிரணிக்காரர்களை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டுப் படுக்கவைத்தார்கள். மறுநாள் 3-2 என்று மொனாக்கோ ஜெயித்தது. சோறு போட்டதற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக, ‘அது உன் ஊரா?’ என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். அது யாருடைய ஊர், பெரியப்பா? சுரங்கம் தோண்ட நூறு வருஷத்துக்கு முன்பே போலந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கட்டிய பிரதேசம் இது. 1966-ல் கிளாஸ்கோவில் கோல் காத்தவரின் பெயர் டில்கோவ்ஸ்கி. பெயரில் போலந்து, பிறப்பில் டோர்ட்மண்ட். அப்புறம் துருக்கியர்கள் வந்தார்கள், பிறகு இலங்கைத் தமிழர்கள். பக்கத்து ஹாம் நகரில் அவர்கள் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பி, 2002-ல் குடமுழுக்கு செய்து, தேரும் ஓட்டுகிறார்கள். ஜெர்மன் தேசிய அணியை என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும். குடியுரிமைக்கு ஐந்து வருஷம் இருந்து, மொழிப் பரீட்சை எழுதி, கடைசியில் இந்திய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். போருசியா அதில் எதையும் கேட்பதில்லை. ஒரு படிவம், வருஷச் சந்தா, அவ்வளவுதான். பொதுக்குழுவில் கைதூக்கி ஓட்டுப் போடும் உரிமை வந்துவிடுகிறது. இந்தத் தேசத்தில் நான் ஓட்டுப் போடுகிற ஒரே இடம் அதுதான்.

2026 முதல் சாம்பியன்ஸ் லீக் இறுதியை இங்கே மாலை 6 மணிக்கே தொடங்குவது என்று யூஃபா முடிவு செய்திருக்கிறது. உங்களுக்கு இரவு ஒன்பதரை. ராத்தூக்கம் கெடுகிறது என்ற சாக்கு இனி செல்லாது. எங்கள் அணி அதில் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, யார் ஆடினாலும் பாருங்கள். ரிமோட்டுக்குப் பெரியம்மாவிடம் இப்போதே சொல்லிவைப்பது உத்தமம். நடுவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றிய நிமிஷமே தகவல் கொடுங்கள்; உறுப்பினர் படிவம் ஒன்று கூடுதலாக அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்