நெய்க்குத் தொன்னை ஆதாரமா?
(விமானப் பிரயாணிகளின் கைப்பைத் திரவங்களைக் குறித்து ஓர் ஆராய்ச்சி)

நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று நம் தர்க்க சாஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக வாதாடி, நெய் உறைந்து தொன்னை காய்ந்த பிறகும் முடிவு காணாது விட்டுப்போன விவகாரத்துக்கு, விமான நிலையச் சோதனைச் சாவடியில் சீருடையணிந்து நிற்கும் உத்தியோகஸ்தர் அரை நிமிஷத்தில் தீர்ப்பளித்துவிடுகிறார் என்பதைப் பண்டித உலகம் இன்னும் தக்கபடி கவனித்ததாகத் தெரியவில்லை.

பூர்வ கதை வேடிக்கையானதன்று. பானப் புட்டிகளில் திரவ வெடிமருந்தை அடைத்து, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கச் சிலர் செய்த சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்டது. உடனே பிரிட்டனில் திரவங்கள் அனைத்துக்கும் தடை விழுந்தது. கைக்குழந்தையின் பாலைக்கூட, கொண்டுவந்தவர் தாமே பருகிக் காட்டவேண்டியிருந்தது. பின்னர் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சற்று இளகி, புட்டி ஒன்றுக்கு 100 மில்லிலிட்டர், புட்டிகள் எல்லாம் அடங்க ஒரு லிட்டர் அளவுள்ள, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்று என்று விதித்தன.

இங்கேதான் சாஸ்திரம் ஆரம்பமாகிறது. 200 மில்லிலிட்டர் பற்பசைக் குழாயை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, இன்னும் இரண்டு நாளைக்குக்கூடக் காணாத நிலைக்குக் கொண்டுவந்த சிக்கன சிரோமணி அதை நீட்டினால், உத்தியோகஸ்தர் பசையைப் பார்ப்பதில்லை. குழாயின் வயிற்றில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிறார். 200 மில்லிலிட்டரையும் மூன்று சிறு குழாய்களில் பங்கிட்டு வருபவருக்கோ ஆட்சேபணை இல்லை. ஆகவே தொன்னையே பிரமாணம் என்பது சித்தாந்தம். உள்ளிருப்பதை ஊடுருவிப் பார்க்கும் புதிய யந்திரங்களை நிறுவிய எடின்பரோ விமான நிலையம் 2025 முதல் 2 லிட்டர்ப் புட்டிவரை அனுமதித்து, நெய்யின் கட்சிக்கு மாறிவிட்டது. அங்கே நிரபராதியாக விமானமேறிய புட்டி, திரும்பும்போது வேறோர் ஊரில் குற்றவாளியாகிறது.

இனி, திரவம் என்பது யாது? ஊற்றவோ, பீய்ச்சவோ, தடவவோ கூடியதெல்லாம் திரவமே என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் லட்சணம். அதன்படி நிலக்கடலை வெண்ணெய் திரவம். கெட்டியான பாலாடைக்கட்டி திடம், குழைவானது திரவம். இந்த லட்சணத்தை நம் சமையலறைக்கு நீட்டினால் தக்காளித் தொக்கும் புளிக்காய்ச்சலும் தப்ப வழியில்லை. இட்லிப் பொடி, நல்லெண்ணெய் சேரும்வரையில் திடம். ஆயினும் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடியை அமெரிக்கா செல்லும் விமானத்தில் கொண்டுபோனால் தனிச் சோதனைக்கு ஆளாக நேரும் என்பது 2018-இல் வந்த உபவிதி. மூட்டை கட்டிக் கொடுக்கும் மாமியார்கள் இதை மனத்தில் கொள்வது நலம்.

பனிக்கட்டியின் நிலைமை இன்னும் சூட்சுமமானது. கல்லாக உறைந்திருந்தால் எந்த அளவாயினும் உள்ளே செல்லலாம். அடியில் சிறிது நீர் கசிந்திருந்தாலோ 100 மில்லிலிட்டர் சட்டம் பாயும். எனவே ஒரு பொருள் திடமா திரவமா என்பதை நிர்ணயிப்பது அதன் இயற்கையன்று, முன்னால் நிற்கும் வரிசையின் நீளமே.

இத்தனை கெடுபிடிக்கும் அதே துறை ஒரு விலக்கு வைத்திருக்கிறது: உயிருள்ள மீனை, தெளிவான பாத்திரத்தில் தண்ணீரோடு, பரிசோதனைக்குப் பின் கொண்டுசெல்லலாம். ஆதலால் தாகமுள்ள பிரயாணி தமது தண்ணீரைக் காப்பாற்றச் சாஸ்திரோக்தமான மார்க்கம், அதில் ஒரு மீனை விட்டுக்கொள்வதே. பிற்பாடு அதை அவர் அருந்துவாரா என்பது ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.