குட்டியானைத் திருப்பள்ளியெழுச்சி

பதிவுச் சான்றிதழில் டாடா ஏஸ் என்றும் மற்ற எல்லா இடங்களிலும் குட்டியானை என்றும் வழங்கும் சிறு சரக்கு வண்டி 2005இல் விற்பனைக்கு வந்தது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் பாதி இதற்கு வாய்த்தது: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். சாத்தூரை அடுத்த அச்சங்குளம் வட்டாரத்தில் பகலெல்லாம் முக்கால் டன் சுமந்து ஓடும் இவ்வண்டி, விடியற்காலையில் மட்டும் எழ மறுப்பதே ஆய்வுப்பொருள்.

குளிரின்மேல் பழிபோட வழியில்லை. லடாக்கில் டீசலே உறைந்துவிடும். அதனால் 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் டீசலை அங்கே கொண்டுவந்தது. வறண்ட காற்றை நம்பித் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைக்கும் விருதுநகர்ச் சீமையில் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆனால் எஞ்சினைப் படுக்கவைக்க, இரவெல்லாம் ஆறிய இரும்பே போதும்.

டீசல் எஞ்சினில் பொறி வைப்பார் எவருமில்லை. காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கும்போது பிறக்கும் சூட்டில், தூவிய டீசல் தானே பற்றும். இந்த எஞ்சினில் டீசல் விழுவது சிலிண்டருக்கு முன்னுள்ள சிறு அறையில். அதன் ஆறிய சுவர் சூட்டைக் குடித்துவிடும். ஆகவே அறைக்கு ஒரு ஹீட்டர் பிளக். நாட்டுக்கே வெடி செய்து அனுப்பும் ஊரில், விரலளவுக் கம்பி சூடேறாமல் வண்டி நிற்பதை விதி என்பாரும் உளர். ரிலே என்பதே பொருந்தும்.

நடைமுறையில் முதல் சிகிச்சை, பேட்டரி சாகும்வரை செல்ஃப் அடிப்பது. இரண்டாவது, தள்ளுவது. டீக்கடையில் நிற்போர் தொகைக்கேற்ப இதன் வெற்றி அமையும். இரண்டாம் கியரில் கிளட்சை விடும் நேரம் பற்றித் தள்ளுவோர் அனைவரும் ஒரே சமயத்தில் வேறு வேறு கருத்துச் சொல்வர். காற்று இழுக்கும் வாயில் துணிப்பந்தம் காட்டும் மூன்றாம் மரபு வெளியூர்களில் உண்டு. எங்கும் ஆபத்தான அது, பட்டாசுக் குடோன் வாசலில் பேச்சுக்கும் உரியதன்று.

முறையான ஆய்வு புகையில் தொடங்குகிறது. செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் ஆய்வாளர் முதலில் தம் இருக்கையை இழப்பார். ஹீட்டர் பிளக்கின் வயரைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப்பைப் பிளக் முனையில் தொட வேண்டும். எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. ஒன்று மட்டும் போனால் வண்டி ஒற்றைச் சிலிண்டரில் எழுந்து, ஊரை எழுப்பும் அளவு குலுங்கிப் பிறகு தெளியும். இரண்டும் நன்றாயிருந்தால் ரிலேயையும் ஃப்யூஸையும் பார்க்கலாம்.

புகையே இல்லையேல் டீசல் வரவில்லை: இரவில் லைன் வழியே காற்றுப் புகுந்திருக்கும். ஏர் எடுத்து, கசியும் வாஷரை மாற்றினால் தீரும். செல்ஃப் முனகினால் பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பை வெந்நீரால் கழுவுவது செலவில்லாத வேலை. அதனாலேயே கடைசியில் செய்யப்படுகிறது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் எழாத வண்டிக்குக் கம்ப்ரெஷன் இல்லை, ரிங் தேய்ந்திருக்கும். அது எஞ்சின் வேலை, பெருஞ்செலவு. அதுவரை உரிமையாளர்கள் வண்டியை இரவில் கண்மாய்க்கரைச் சரிவில், முகம் கீழ்நோக்க, முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்துவர்.