மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு

அனுப்புநர்: வீட்டு மின் இணைப்புக்காரர் ஒருவர், ஊட்டி (கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம்).

பெறுநர்: மின்கட்டணப் படிநிலைகளை வகுக்கும் மேலிடத்தார், சென்னை (கடல் மட்டம்).

பொருள்: ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டைச் சற்றுத் தள்ளிவைக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: எங்கள் சமையலறை வெப்பமானி, இன்று காலை 6 மணி, 8 டிகிரி.

ஐயா / அம்மையீர்,

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். கையுறையோடு எழுதுகிறேன். கழற்றிவிட்டு எழுதிப் பார்த்தேன், இரண்டாவது வரியில் விரல்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன.

குளிர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மார்கழியில் இருபது டிகிரிக்கே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பும் ஊர் உங்களுடையது. இங்கே ஐப்பசி கழிந்தால் நீர்ப்பனி, அது முற்றினால் உறைபனி. தலைகுந்தாப் பக்கம் விடியற்காலையில் புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்து, ‘மினி காஷ்மீர்’ என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு, மதியத்துக்குள் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார்கள். படத்தில் பின்னணியாக இருக்கும் நாங்கள் இங்கேயே இருந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு கம்பி சிவக்கும் ஒரு ரூம் ஹீட்டர் இருக்கிறது. 2,000 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட். இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். விளக்கு, டி.வி., மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் போகிறது. தினம் இரண்டு மணி நேரம் ஹீட்டர் போட்டால் அறுபது நாளில் இன்னொரு 240. ஆக 460. சௌகரியம். மூன்றாவது மணி நேரத்துக்கு ஆசைப்பட்டால் 580. அங்கேதான் ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் கதவோரம் காத்து நிற்கிறது.

அந்த யூனிட்டின் மகிமையைத் தங்களுக்கே நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். 2022 செப்டம்பருக்கு முன்பு 500 யூனிட் எரித்தவர் 1,130 ரூபாய் கட்டினார். 501 எரித்தவர் 1,786 ரூபாய் 60 காசு கட்டினார். அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. பிறகு தாங்கள் மனமிரங்கி அட்டவணையைத் திருத்தினீர்கள். 500க்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958 ரூபாய் என்று ஆயிற்று. ஒரே யூனிட்டை 233 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுத்த கருணைக்கு இந்த மலை கடன்பட்டிருக்கிறது. மற்ற 500 யூனிட்டுக்கு 595 ரூபாய் கூடியதைச் சொல்லிக்காட்டுவது நன்றிகெட்ட செயல். அதற்குப் பிறகு ஏறியதையும் நான் சொல்லப்போவதில்லை.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு புதிய பதவி உருவாகியிருக்கிறது: மீட்டர் காவலர். கணக்கெடுத்து நாற்பத்தைந்து நாள் ஆனதும் ராத்திரிதோறும் டார்ச்சோடு வாசலுக்குப் போய் எண்ணைப் பார்த்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவது என் பொறுப்பு. 438. 445. 452. ஐம்பத்தைந்தாம் நாள் முதல் ‘ஒற்றைக் கம்பி’ அமலுக்கு வரும். ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவக்கும், இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் பாக்கியசாலிகள். அறுபதாம் நாள் கணக்கெடுப்பவர் வர வேண்டும். போன முறை மூன்று நாள் கழித்து வந்தார். குளிரிலே வண்டி கிளம்பவில்லையாம். அவர்மேல் வருத்தமில்லை. அந்த மூன்று நாளும் மீட்டர் மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

சிக்கனத்துக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று தாங்கள் கேட்பது நியாயம். வரிசையாகச் சொல்கிறேன்.

கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். சன்னலுக்குக் கனத்த திரை, தரைக்குப் பழைய சாக்கின் மேல் ஜமக்காளம். நான்கு அறை வீட்டில் இரவு ஏழு மணிக்குமேல் ஒரே அறையில்தான் குடித்தனம். படுக்கைக்குச் சுடுதண்ணீர்ப் பை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தரும் என்று படித்ததிலிருந்து விருந்தோம்பலில் எங்களுக்குத் தனி ஆர்வம் பிறந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மைத்துனர் குடும்பத்தோடு வந்தால் 400 வாட். மைத்துனர் அரசியல் பேச ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இந்த வரியைப் படித்துவிட்டு விருந்தாளிகளுக்கு மீட்டர் மாட்டும் யோசனை தோன்றினால், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடும்படி வேண்டுகிறேன்.

விறகு? குளிக்கிற தண்ணீருக்கு இன்னமும் விறகு பாய்லர்தான். சீகை மரச் சுள்ளியும் கற்பூர மரப் பட்டையும் கிடைத்தவரை எரிகின்றன. குமுட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கலாமே என்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டித் தூங்கியவர்கள் விடிந்தும் எழாமல் போன செய்தி மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைத் தடுக்கச் சன்னலைத் திறந்தால் கரி மூட்டியதற்கே அர்த்தமில்லை.

தப்பு எங்கள் வீட்டிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் கட்டிய குடிசையில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் நுழைய முடியும். சன்னல் கிடையாது. உள்ளே மூட்டிய அடுப்பின் சூடு வெளியே ஓட வழி தேட வேண்டும். பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் கல் பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். நாங்களோ திருப்பூரில் போட்ட வீட்டுப் படத்தை அப்படியே மலைக்கு ஏற்றினோம். வழுவழு டைல்ஸ், ‘வியூ’வுக்காக ஆளுயரக் கண்ணாடி, மேலே வெறும் கான்கிரீட் தளம். ‘காத்தோட்டமா இருக்கும் சார்’ என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1930களில் இந்த மலையின் பைக்காரா ஆற்றை மடக்கி மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் பஞ்சாலைகள் அந்த மின்சாரத்தில் ஓடின. பிறகு குந்தா நீர்மின் திட்டம் வந்தது, கனடா நாட்டு உதவியோடு. குளிர் தெரிந்த நாட்டுக்காரர்கள், பாவம், மலையிலே மின்சாரம் எடுத்தால் மலைக்காரன் குளிர்காய்வான் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் மழை எங்கள் பள்ளத்தாக்கில் விழுந்து மின்சாரமாகிச் சமவெளிக்கு இறங்குகிறது. அதில் ஒரு கை எடுத்துக் குளிர்காய்ந்தால் ஆடம்பரப் படியில் நிற்க வைக்கிறீர்கள்.

அதுவும் எப்போது? தமிழ்நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போவது சித்திரை வெயிலில். 2024 மே 2ஆம் தேதி அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்றைக்கு எங்கள் ஹீட்டர் அட்டைப் பெட்டிக்குள் பரணில் இருந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லை. உங்கள் விசிறியும் ஏ.சி.யும் ஓய்வெடுக்கும் தை மாதத்தில்தான் நாங்கள் சுவிட்சைத் தொடுகிறோம். படிநிலைக்கு மட்டும் மாதமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.

ஆகவே தாழ்மையான கோரிக்கை: இலவச ஹீட்டர் வேண்டாம். கார்த்திகை முதல் மாசி வரை, மலை இணைப்புகளுக்கு மட்டும், ஐந்நூறு என்ற அந்த வேலியை அறுநூறுக்கு நகர்த்துங்கள். மூன்றாவது மணி நேரம் அதற்குள் அடங்கிவிடும்.

அந்த மூன்றாவது மணி நேரம் யாருக்கு என்று சொல்லவில்லையே. என் அம்மாவுக்கு. வயது எண்பத்தொன்று. ஏழு மணிக்கு ஹீட்டரைப் போடுவோம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடித்ததும், நாங்கள் யாரும் எதுவும் சொல்லாமலே, கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி அவரே அணைத்துவிடுவார். ‘போதும்ப்பா, எனக்கு வேர்க்குது’ என்பார்.

தை மாத ராத்திரியில், ஊட்டியில், வேர்க்கிறதாம். போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். அந்தச் சூட்டுக்கு எந்தப் படியில் கட்டணம் போடுவீர்கள் என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதினேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீட்டர் காவலர்.

இணைப்பு: பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் (நகல்). நேற்றைய எண்: 497.