பூனை கிளப்பிய பீதி

கேள்வி: ஸ்டீபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ நாவலைப் படித்து மூன்று நாளாகிறது. பொட்டுத் தூக்கமில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: படித்த நீங்கள் பரவாயில்லை. எழுதியவரே அரண்டுபோய்க் கையெழுத்துப் பிரதியை இழுப்பறையில் போட்டுவிட்டார். ஒப்பந்தப்படி பழைய பதிப்பாளருக்கு ஒரு புத்தகம் பாக்கி. அதனால்தான் 1983-இல் வெளியே வந்தது. பேயைவிடக் கடன் பொல்லாதது!

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கிங் குடியிருந்த வீட்டு வாசலில் லாரிகள் பறக்கும் சாலை. மகளின் பூனை அதில் அடிபட்டுச் செத்தது. சின்ன மகன் ஒருநாள் அதே சாலையை நோக்கி ஓடினான், எட்டிப் பிடித்துவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால்? அங்கேதான் நாவல் பிறந்தது.

படித்த அன்றிரவு நானும் எழுந்தேன். விளக்கைப் போட அல்ல, வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க.